அச்சு நரம்பணுச் சுற்றுகள்

நரம்பணுவைப் போல மின்துடிப்புகளால் செய்தி அனுப்பும் சுற்றை, வளையும் பிளாஸ்டிக் தாளில் மின்கடத்தும் மைகொண்டு அச்சிட்டு உருவாக்கும் நுட்பம்.

நரம்பில் துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையைக் கொண்டு விளக்கினர்: சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடப்பதே அதற்குக் காரணம். 1980-களில் கால்டெக்கில் கார்வர் மீட் இந்த நடத்தையைச் சிலிக்கான் சில்லுக்குள் கொண்டுவந்தார். ஆனால் சிலிக்கானில் ஓடுவது எலெக்ட்ரான். சிலிக்கான் கடினமான பொருளும்கூட. மென்மையான, ஈரமான நரம்புத் திசுவோடு அதை இணைப்பது எளிதாக இல்லை.

அதற்கான வழி வேதியியலிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் பாயும் என்று 1977-இல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் காட்டினர். அதற்காக 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். 1984-இல் எம்.ஐ.டி.யில் ரைட்டன் குழு, அயனிக் கரைசலில் (மின்பகுளியில்) இயங்கும் பாலிமர் டிரான்சிஸ்டரை உருவாக்கியது. இத்துறையின் உண்மையான தொடக்கம் இதுதான் எனலாம். இவ்வகை டிரான்சிஸ்டரில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தமே அயனிகளைப் பாலிமர் படலத்துக்குள் தள்ளப் போதும். படலம் முழுவதன் கடத்துதிறனும் மாறிவிடும். உள்ளே போன அயனிகளை அங்கேயே தங்கச் செய்தால் அந்த மாற்றம் நினைவாக நிற்கும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் சலேயோ குழு இந்த முறையில் செய்த செயற்கைச் சினாப்ஸ் (நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு), சுமார் 500 கடத்து நிலைகளைத் தனித்தனியே காட்டியது.

இந்த வரலாற்றில் மறக்க முடியாத சோதனை சுவீடனில் நடந்தது. லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் சிமோனே ஃபபியானோவின் குழு செயற்கை நரம்பணுவையும் சினாப்ஸையும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டது. துணிப்பையில் எழுத்துப் பதிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான். அந்த நரம்பணுவைப் பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியோடு இணைத்தார்கள். பூச்சி எதுவும் தொடாமலே, சுற்று அனுப்பிய துடிப்பில் இலை மூடிக்கொண்டது. 2022-இல் முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டு, அதே குழு செய்த மற்றொரு நரம்பணு சுண்டெலியின் வேகஸ் நரம்பைத் தூண்டி இதயத்துடிப்பை மாற்றியது.

அயனிகள் மெல்ல நகர்வதால் வேகத்தில் இந்த அச்சுச் சுற்றுகள் சிலிக்கானுக்கு ஈடாகா; அந்தப் போட்டியில் இறங்கத் தேவையும் இல்லை. தோலின்மேலும் நரம்பின் அருகிலும்தான் இவற்றுக்கு வேலை. மின்பகுளி உலர்வதும், ஒரே தாளில் அச்சிட்ட டிரான்சிஸ்டர்களே ஒன்றுக்கொன்று வேறுபடுவதும் இன்னும் தீராத குறைகள். நீண்ட காலம் தரம் குன்றாமல் இயங்கும் என்று நிறுவிய பிறகே இவற்றை மனித உடலுக்குள் பொருத்துவது பற்றிப் பேச முடியும்.