யாகப்பரின் ஊர்

குருநகரின் பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாண நகரின் விளிம்பில், கடல்நீரேரியை ஒட்டிய கடற்றொழிலாளர் ஊர். அதன் பாதுகாவலர் புனித யாகப்பர். யூலை 25 அவருடைய திருநாள். செபதேயுவின் மகனான யாகப்பர், தகப்பனோடு வள்ளத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டார் என்கிறது நற்செய்தி. கரையூர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் யார் கிடைப்பார்?

ஆனால் அவருடைய முடிவைப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது அகிரிப்பா அவரை வாளால் வெட்டிக் கொல்லுகிறான். கி.பி. 44ஐ ஒட்டிய காலம். நூலை எழுதிய லூக்கா இதற்குச் செலவழித்தது ஒரே ஒரு வசனம். அடுத்துப் பேதுரு பிடிபடுகிறார். அவருக்கு மட்டும் வானதூதர் வருகிறார், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுருவுக்குத் திறந்த கதவு யாகப்பருக்கு ஏன் திறக்கவில்லை என்று லூக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிகாரம் முடியுமுன் ஏரோது புழுத்துச் சாகிறான், திருச்சபை பெருகுகிறது. இறைவனின் திட்டத்தை எவராலும் தடுக்க முடியாது என்று பிரசங்கத்தில் கேட்கிறபோது நம் மனம் பேதுருவின் கதவுக்கே ஓடும். இந்தக் குடாநாட்டின் கத்தோலிக்க வரலாற்றைப் படிக்க உட்காருகிறவருக்கு யாகப்பரின் அந்த ஒரு வசனம்தான் கூடுதலாக உதவும்.

முதல் வெட்டு 1544இல் மன்னாரில் விழுந்தது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். பிரான்சிஸ் சவேரியார் கொதித்துப்போய் போர்த்துக்கேயப் படையெடுப்புக்கு முயன்றார். 1545இல் நாகபட்டினத்தில் காத்தும் இருந்தார். அந்த நேரம் பார்த்து பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டியது. சரக்கு மன்னனின் கையில் சிக்கவே, படையெடுப்புப் பேச்சு அடங்கிவிட்டது. இரத்தத்தைவிடச் சரக்குக் கனத்தது என்பேன்.

1619இல் போர்த்துக்கேயர் அரசையே பிடித்தார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். இதை விழுங்கிவிட்டு அடுத்த நூற்றாண்டின் கத்தோலிக்கக் கண்ணீரை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இவர்களும் கிறிஸ்தவர்களே, சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்குப் புகலிடம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் ஆயின. பல்தேயுஸ் போன்ற போதகர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். திருமுழுக்கும் திருமணமும் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறாவிட்டால் உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் இடைஞ்சல். விரதச் சாப்பாட்டு இலையைச் சைவர்கள் கூரையில் செருகி ஒளித்ததாகக் கதை சொல்கிறார்களே, அது இந்தக் காலம். யூதச் சங்கத்தில் கமாலியேல் சொன்ன புத்தி, மனிதரின் வேலையானால் தானே அழியும், இறைவனுடையதானால் உங்களால் அழிக்க முடியாது என்பது, ஒல்லாந்தரின் விவிலியத்திலும் இருந்ததுதான். அதைத் தங்களுக்கும் சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

குருவில்லாமல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பெரிதாக எழுதப்படவில்லை. எழுத எந்த அற்புதமும் நடக்கவில்லை. வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இந்தப் பிடிவாதம்தான் எனக்கு வானதூதரைவிட ஆச்சரியம்.

1687இல் கோவாவிலிருந்து ஒருவர் கூலியாள் வேடத்தில், யோவான் என்ற பணியாளரோடு கரையேறினார். யோசப் வாஸ் அடிகள். வயிற்றோட்டத்தில் சாகப்பார்த்துப் பிழைத்தவர், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைக் கண்டவர்களின் முகம் மாறுவதை வைத்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார்.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். அடிகள் அகப்படவில்லை. முன்னணியில் நின்ற எட்டுப் பேருக்குக் கடும் தண்டனை. அவர்களில் ஒல்லாந்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு அடிபட்டே செத்தார். மற்றவர்கள் விலங்கோடு கோட்டை வேலைக்குப் போனார்கள். அதே பன்னிரண்டாம் அதிகாரம்தான் திரும்ப நடந்தது. இந்தத் தடவை வாளுக்குப் போனவர் பேதுரு என்ற பெயர்க்காரர்.

அடிகள் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் அங்கும் சிறைதான். பின்னர் பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விட்டதோடு மறைப்பணிக்கும் இடம் கொடுத்தான். கிறிஸ்தவ ஆட்சி மூடிய கதவைப் பௌத்த ஆட்சி திறந்தது. லூக்கா கேட்டிருந்தால் எழுதியிருப்பார். கோவாக் குருமார் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். வாஸ் அடிகள் 1711 சனவரி 16இல் கண்டியில் இறந்தார். தடைச் சட்டங்கள் நீங்கியதை அவர் காணவில்லை. ஒல்லாந்தருக்குப் பின் வந்த பிரித்தானியரின் ஆளுநர் மெயிற்லண்ட் அவற்றை நீக்கியது 1806இல்.

அதற்குள் தோம்புக் கணக்கில் பெருகியிருந்த சீர்திருத்தச் சபை கரைந்துபோயிருந்தது. உத்தியோகத்துக்காக வந்தவர்கள் உத்தியோகம் போனதும் போனார்கள். ஒல்லாந்தர் 1706இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் நின்றது.

2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்குப் போனார். ஒல்லாந்தருக்குத் தப்பி மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தை ஒளித்துக்கொண்டுபோன காடு அது.

கோட்டைக்குள் இருந்த அந்த ஒல்லாந்தத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்து கற்குவியலாகிவிட்டது. அதே போரில், 1993 நவம்பர் 13 அன்று, குருநகர் யாகப்பர் கோயில்மேலும் வான்படையின் குண்டு விழுந்தது. செபிக்கப் போனவர்கள் செத்தார்கள். பிறகு அந்த ஊரவர் கோயிலைத் திருத்திக் கட்டினார்கள். பாதுகாவலரை மாற்றவில்லை.