இலங்கைத் தேயிலை வரலாறும் தோட்டத் தமிழ்ச் சொற்களும்

ஒரு தொழிலின் வரலாற்றை அத்தொழிலை நடத்தினோர் எழுதி வைத்த ஏடுகளைக்கொண்டு அறிதல் பெருவழக்கு. இலங்கைத் தேயிலையின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலத்தின் பரப்பு, ஏற்றுமதியின் அளவு, ஏலத்தில் எய்திய விலை ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரும் அரசினரும் முறையாகக் குறித்து வைத்தனர். கொழுந்து பறித்தோர் அத்தகைய ஏடுகளை விட்டுச் சென்றிலர். ஆயினும் அவர்கள் வழங்கிய சொற்கள் உள. அச்சொற்களைச் சான்றாகக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு கூற்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'தேயிலை' எனும் சொல்லையே நோக்குவாம். சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை வழக்கான 'தே' என்பதனோடு 'இலை' எனும் தமிழ்ச்சொல் புணர்ந்து பிறந்தது இது. பொருளும் பெயரும் கடல்வழி வந்தமையை இது காட்டும். இலங்கை மலைகளில் தேயிலைக்கு முன்னர் ஆட்சி செலுத்தியது காப்பிப் பயிரே. கி.பி. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியைச் சில ஆண்டுகளிற் சிதைத்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867-இல், ஸ்காத்துலாந்தினரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873-இல் 23 இராத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883-இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1890-இல் தாமஸ் லிப்டன் தோட்டங்களை விலைக்கு வாங்கி, இடைத்தரகரை நீக்கிக் குறைந்த விலையில் விற்கலானார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் 3 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் தேயிலைக்காடாயிற்று.

பயிர் மாறியமையால் மக்கள் வாழ்வும் மாறிற்று. இதுவே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. காப்பி, பருவத்திற் பழுப்பது. அறுவடைக் காலத்தில் திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் கடல் கடந்து, காட்டுவழி நடந்து மலையேறினர். அறுவடை முடிந்தபின் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் தளிர்ப்பது. ஏழு நாள் முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை அதே செடியிற் கொழுந்து எடுத்தல் வேண்டும். ஆகவே வந்து போகும் ஆட்கள் பயன்படார். ஆண்டு முழுதும் தங்கும் குடும்பங்களே தேவைப்பட்டன. கொழுந்தெடுத்தல் பெண்டிர் தொழிலாயிற்று. பெண்டிர் தங்கவே குடும்பம் தங்கிற்று. குடியேற்றத்தை வேண்டியது செடியின் இயல்பே எனலாம்.

இனித் தோட்டச் சொற்களுக்கு வருவாம். 'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுக்களில் மேற்பார்வை செய்யும் அலுவலரைக் குறித்த பழஞ்சொல் இது. தோட்டத்தில் ஆள் திரட்டுவோனும் கடன் கொடுப்போனும் வேலை வாங்குவோனும் ஒருவனாகி, அப்பெயரைப் பெற்றான். தன் ஊரினரையும் உறவினரையுமே அவன் பெரும்பாலும் அழைத்து வந்தமையால், அவர்க்கு அரணாகவும் தளையாகவும் அவனே நின்றான். அவனைக் கொடியவன் என ஒரு சொல்லில் முடித்தல் ஆய்வாகாது.

தளையின் வடிவம் 'துண்டு' எனும் சொல்லால் விளங்கும். தொழிலாளி ஊரை விட்டுப் புறப்படும்போதே வழிச்செலவு கடனாயிற்று. அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பின், இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவன் விடுவிக்கப்படுவான் எனத் துரை ஒரு சிறு தாள் எழுதித் தருவார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். அக்கடன் அங்கும் அவன் கணக்கிலேயே ஏறும். இடம் மாறினும் கடன் மாறவில்லை. ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை குறித்த ஆவணத்திற்கு மக்கள் இட்ட பெயர், கிழித்த தாளைக் குறிக்கும் எளிய சொல்லே. ஆங்கில அரசின் ஆவணங்களும் அத்தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டன. 1921-இல் சட்டத்தால் இம்முறை நீக்கப்பட்டது. 1927-இல் குறைந்த அளவுக் கூலி பற்றிய சட்டம் பிறந்தது.

தோட்டத்தின் நாளொழுங்கைக் குறிக்கும் சொற்கள் வேறொரு செய்தி தருவன. விடியலில் ஆட்கள் கூடி நிற்கும் இடம் 'பிரட்டுக்களம்'. 'பரேடு' எனும் ஆங்கிலச் சொல்லின் திரிபே 'பிரட்டு'. செடியை வெட்டிவிடுதல் 'கவ்வாத்து'. 'கவாத்து' எனும் வடிவம் தமிழிற் படைப்பயிற்சியையும் குறிக்கும். இவ்விரு சொற்களிலும் படைவீட்டின் ஒலி கேட்கின்றது. புதிதாய் வந்த ஆங்கிலேயர்க்குத் தமிழ் கற்பிக்கக் கொழும்பில் அச்சான கையேடு ஒன்றன் பெயர் 'இங்கே வா' என்பது. முன்னிலை ஒருமை ஏவல் அது. மரியாதைப் பன்மை அதில் இல்லை. வருக என்றோ, வாருங்கள் என்றோ தமிழில் உள்ள வழக்குகள் துரைக்குத் தேவைப்படவில்லை. ஒரு மொழியின் எப்பகுதியைக் கற்கின்றோம் என்பதே கற்போனின் நிலையைக் காட்டிவிடும் என்க.

ஆனால் செடியின் உயிர்ப்பகுதிக்கு மக்கள் வழங்கிய பெயர் கடன்சொல்லன்று. 'கொழுந்து' என்பது இலக்கியங்களிற் பயின்ற தனித்தமிழ். கட்டளையின் சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தன. கையின் தொழிலைச் சுட்டும் சொல் வீட்டிலிருந்து வந்தது. சொற்கள் தனித்து நின்று வரலாற்றை மெய்ப்பிக்கமாட்டா என்பது உண்மையே. எனினும் பயிரின் இயல்போடும் சட்டங்களோடும் வைத்து நோக்குங்கால் அவை ஒருமுகமாகவே சான்று பகர்கின்றன.

இவ்வாராய்ச்சியால் எய்தும் பயன் யாது? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வந்து போவோர் என்பது அவர்மீது சாற்றப்பட்ட வாதம். காப்பிக் காலத்திற்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தும். தேயிலைக் காலத்திற்குப் பொருந்தாது. தங்கி வாழ்தலை வேண்டியது தேயிலைத் தொழில். தங்கினோரை அயலார் என்றது அத்தொழிலால் வளம் பெற்ற நாடு. 1964-இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேயே நிறைவேறிற்று.

நாட்டின் பெயர் 1972-இல் 'ஸ்ரீ லங்கா' என மாறியபின்னும் வாணிகத்தில் 'சிலோன்' எனும் பழம்பெயரே தேயிலைப் பெட்டிகளில் நிலவுகின்றது. பறிக்கப்பட்ட இலை நாட்டின் பெயரைத் தாங்கிற்று. பறித்த கைக்கு அப்பெயர் நெடுங்காலம் கிட்டவில்லை. தோட்டச் சொற்களை வழுச்சொல் என ஒதுக்காது, முதியோர் வாய்மொழியிலிருந்து திரட்டிப் பொருளும் காலமும் வரையறுத்தல் தமிழாய்வாளர் கடனாகும். இம்மக்கள் வாழ்வை உள்ளிருந்து கூறும் ஆவணங்களுள் அச்சொற்கள் தலையாயவை.