வாடகை வீட்டில் குடியிருப்போர் ஒன்றுசேர்ந்தால்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனாலும் நம் வீடுகளில் பாதிப் பேச்சு வாய்மொழியாகவே முடிந்துவிடுகிறது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். அதிலேயே ஒரு ஓட்டையும் உண்டு: இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. பத்து மாத அட்வான்ஸுக்குத் தனியாகக் கையெழுத்திடும் குடும்பம் அந்தப் பாதுகாப்பைக் கைவிடுகிறது. முஸ்லிம் என்றதும் கதவைச் சாத்துவோர் இருக்கையில், வீடு கிடைத்ததே போதும் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரே காம்பவுண்டில், ஒரே தெருவில் குடியிருப்போர் சேர்ந்து பேரம் பேச வேண்டும். யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு கட்டுகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாடகைக்கு ரசீது கேளுங்கள். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி வீட்டுக்காரர் மிரட்டினால், வாடகை அதிகார அமைப்பிடம் மனுக் கொடுக்கலாம். பல குடும்பங்கள் ஒரே நாளில் மனுக் கொடுத்தால், ஒருவரை மட்டும் குறிவைத்துக் காலி செய்யச் சொல்வது எளிதல்ல.

ஒன்று கவனிக்க வேண்டும். பதிவுபெற்ற வக்ஃபு கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே குடியிருப்போர் முதலில் முறையிட வேண்டியது நம் ஜமாஅத் நிர்வாகத்திடமும் வக்ஃபு வாரியத்திடமும்தான்.