மணி கோத்த அங்கி: கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் அமைப்பின் சடங்குடையும் தகுதிச் சின்னங்களும்

கூடைப்பந்து ஆட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர்களில் லூதர் குலிக்கும் ஒருவர். 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு புது ஆட்டம் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அவரும் அவர் மனைவி சார்லட்டும் 1910இல் சிறுமியருக்காக வித்திட்ட அமைப்பு கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ். மேய்ன் மாநிலத்துச் செபாகோ ஏரிக்கரையில் சார்லட் நடத்திய கோடை முகாமில்தான் அதன் சடங்குகள் உருப்பெற்றன. வேலை, ஆரோக்கியம், அன்பு ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வோஹெலோ’ என்று முழக்கமும் வைத்தார்கள்.

பெண்பிள்ளைகள் பாய் ஸ்கவுட்டுகளைப் பார்த்து நடப்பது தீங்கு என்பது குலிக்கின் உறுதியான கருத்து. 1912இல் ஜூலியட் கார்டன் லோ தொடங்கிய கேர்ள் ஸ்கவுட்ஸ் படைவீரர் பாணிச் சீருடையை ஏற்றது. கேம்ப் ஃபயரில் அன்றாட உடை வெள்ளை மாலுமிச் சட்டையும் நீலப் பாவாடையும்தான். சடங்குக்குரிய உடையோ முற்றிலும் வேறு: பழுப்புநிறப் பருத்தித் துணியில் நேராக வெட்டித் தைத்த நீண்ட அங்கி, விளிம்பில் தோல் குஞ்சங்கள், நெற்றியில் மணி பின்னிய பட்டை. வெட்டு எல்லாருக்கும் ஒன்று. அலங்காரம் அவரவர் பாடு. ஒவ்வொருத்தியும் தனக்கொரு பெயரைத் தேர்ந்து, அதற்கேற்ற சின்னத்தைத் தானே வரைந்து அங்கியில் பதித்துக்கொண்டாள்.

அங்கியின் உண்மையான செல்வம் மணிகள். தொடக்ககாலக் கையேடுகள் சாதனைகளை ஏழு துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தந்தன. வீட்டுக்கலைக்கு ஆரஞ்சு, உடல்நலத்துக்குச் சிவப்பு, முகாம்கலைக்குப் பழுப்பு, கைவினைக்குப் பச்சை, இயற்கை அறிவுக்கு நீலம், வணிகத்துக்கு மஞ்சள். நாட்டுப்பற்றுக்கு மட்டும் கொடியின் மூன்று வண்ணங்களும் சேர்ந்தன. எதற்கெல்லாம் மணி கிடைத்தது என்று பார்த்தால் அமைப்பின் மனம் தெரிந்துவிடும். குளிர்காலத்திலும் சன்னலை அகலத் திறந்துவைத்தோ வெளியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் உறங்கினால் ஒன்று. சாப்பாட்டுக்கு இடையே மிட்டாய், சூயிங்கம், சோடா தொடாமல் சில மாதம் இருந்தால் ஒன்று. சமையல், குழந்தை பராமரிப்பு ஆகியவற்றுக்கும் உண்டு. வீட்டில் யாரும் கணக்கில் வைக்காத உழைப்பு இங்கே எண்ணிக்கைக்குள் வந்தது. இதைக் குலிக்கின் பழமைவாதம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அடுப்படி வேலையையும் காடு சுற்றுவதையும் ஒரே கயிற்றில் கோத்த ஏற்பாடு அது. அதே சமயம், பெண் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தொடாமலே விட்ட ஏற்பாடும் அதுவே.

படிநிலைகள் மூன்று. விறகு சேகரிப்பவளுக்கு வெள்ளி மோதிரம்; அதில் அமைப்பின் ஏழு விதிகளைக் குறிக்கும் ஏழு சுள்ளிகளின் கட்டு. இருபது விருப்பத் தகுதிகளை ஈட்டி, வேறு கட்டாயப் பணிகளையும் முடித்தவள் தீ மூட்டுபவள் ஆகிக் கைவளை பெற்றாள். மேல்நிலையான தீப்பந்தம் ஏந்துபவளுக்கு ஊசிப் பதக்கம். தீயைச் சுற்றி நடந்த சபையில், எல்லார் முன்னிலையிலும் இவை வழங்கப்பட்டன.

அங்கியின் வடிவம் அமெரிக்கப் பழங்குடியினரின் மான்தோல் உடையைப் பார்த்துச் செய்தது. ஒரே ஒரு மக்களின் உடை அன்று; பல இனத்தாரின் கூறுகளையும் கற்பனையையும் குழைத்த கலவை. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1902இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய வுட்கிராஃப்ட் இந்தியன்ஸ் இந்த மோகத்துக்கு முன்னோடி. இதே ஆண்டுகளில் கார்லைல் போன்ற அரசு உறைவிடப் பள்ளிகள் பழங்குடிக் குழந்தைகளின் முடியை வெட்டி, சொந்த உடையைக் களைந்து, தாய்மொழி பேசவும் தடை போட்டன. வெள்ளையர் வீட்டுச் சிறுமி விளையாட்டாக அணிந்ததை, உரியவர்களின் மகள் அணியக் கூடாது! பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924இல்தான். நவீன வாழ்வின் பதற்றத்துக்கு மருந்தாக வெள்ளை அமெரிக்கர்கள் பழங்குடி வேடத்தை நாடினார்கள் என்று பிலிப் டெலோரியா 1998இல் ‘பிளேயிங் இந்தியன்’ நூலில் விளக்குகிறார். ஜெனிஃபர் ஹெல்க்ரனின் 2022ஆம் ஆண்டு நூலோ இந்த அமைப்பையே மையமாக வைத்துப் பாலினமும் இனமும் பின்னிய விதத்தை ஆராய்கிறது.

ஆனால் அங்கியை வேடம் என்று சொல்லி முடித்தால் அதை உடுத்திய பெண்ணைத் தவறவிடுவோம். தானே தைத்து, தானே சின்னம் வரைந்து, தன் உழைப்புக்குக் கிடைத்த மணிகளைக் கோத்த உடை அது. ஒருத்தியின் அங்கியில் நீலம் நிறைந்திருந்தால் அவள் பறவையும் மரமும் பார்த்துத் திரிந்தவள் என்று ஊகிக்கலாம். ஆரஞ்சு மிகுந்தால் வீட்டுப் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கலாம். அமெரிக்கச் சிறுமியரின் அன்றாடத்தை அவர்கள் கையாலேயே பதிந்துவைத்த சான்று, ஏடுகளில் இந்த அளவு கிடைப்பது அரிது.

1913இல் இளைய சிறுமியருக்கான புளூ பேர்ட்ஸும், 1941இல் மூத்தவர்களுக்கான ஹொரைசன் கிளப்புகளும் வந்தபின் ஒரே அங்கி எல்லாருக்கும் பொருந்தாமல் போயிற்று. பிற்காலத்தில் கையில்லாத மேற்சட்டைகள் பரவி, மணிகள் அவற்றுக்கு இடம் மாறின. 1975இல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள அமைப்பு முடிவெடுத்தபோது, பெண்ணுக்கென்றே குலிக் வகுத்த வரிசையில் பையன்களும் மணி கோக்க உட்கார்ந்தார்கள்.