இருபத்தைந்து வார்த்தையில் ஒரு வீடு

அமெரிக்காவில் எதற்குத்தான் மாநாடு இல்லை? பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்கு உண்டு. தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு உண்டு. பரிசுக் குலுக்கலுக்குக் கூப்பன் எழுதி அனுப்புவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. நேஷனல் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கன்வென்ஷன் என்று பெயர். வருஷத்துக்கு ஓர் ஊர். அந்த ஊர் கிளப்காரர்கள் முன்னின்று நடத்துவார்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, ஹோட்டலில் ரூம் போட்டு வந்து சேருவார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பாடம், பரிசுக்கு வரி கட்டுவது எப்படி என்று ஒரு வகுப்பு, போலிக் கடிதத்தை மோப்பம் பிடிப்பது எப்படி என்று இன்னொன்று. நடுநடுவே, வேறென்ன, குலுக்கல்!

வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்று தோன்றும். ஆனால் இவர்களுடைய பாட்டிமார் அதிர்ஷ்டத்தை நம்பிப் பரிசு வாங்கவில்லை. மூளையைக் கசக்கி வாங்கினார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பு ஞாபகம் இருக்கும். கன்சிடரேஷன் என்று ஒரு சமாசாரம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. அமெரிக்கச் சட்டத்தில் பரிசு, அதிர்ஷ்டம், கன்சிடரேஷன் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது லாட்டரி. தனியார் நடத்தினால் குற்றம். சோப்புக் கம்பெனிக்கு சோப்பு விற்க வேண்டும். உறையைக் கிழித்து அனுப்பச் சொன்னால்தானே விற்கும்? ஆக, கன்சிடரேஷன் வந்துவிட்டது. அதிர்ஷ்டத்தைக் கழற்றிவிட்டுத் திறமையை உள்ளே கொண்டுவந்தார்கள். 'இந்த சோப்பை நான் விரும்பக் காரணம்...' இருபத்தைந்து வார்த்தைக்கு மிகாமல் எழுதுங்கள். நம் ஊரிலும் பின்னாளில் 'பத்து வார்த்தைக்கு மிகாமல்' என்று வந்ததே, அதன் தாத்தா இதுதான்.

1930களில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், இது ஒரு குடிசைத் தொழிலாகவே ஆனது. எழுதக் கற்றுத்தரத் தபால் வழிப் பள்ளிகள் முளைத்தன. பிலடெல்ஃபியாவின் ஷெப்பர்டு பள்ளி அவற்றில் பிரபலம். நடுவர் வேலையை டோனலி மாதிரியான நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்தன. அந்த நடுவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பெண்கள் கிளப்பாகக் கூடி ஆராய்ச்சி செய்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஈவ்லின் ரயான். ஒஹாயோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்கிற சின்ன ஊர். பத்துப் பிள்ளைகள். கணவர் மெஷின் ஷாப்பில் வேலை. சம்பளத்தில் கணிசமான பங்கு சாராயக் கடைக்கு. ஈவ்லின் துணி இஸ்திரி போடும் பலகையின் ஓரத்தில் ஒரு நோட்டு எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவே ஒரு வரி. ஒரே போட்டிக்குத் தன் பெயரில், கணவர் பெயரில், பிள்ளைகள் பெயரில் என்று விதவிதமாக அனுப்புவார்.

1953ல் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து, மகன் பெயரில் எழுதிப்போட்ட ஒரு சைக்கிள் போட்டியில் முதல் பரிசு விழுந்தது. ரொக்கம் மட்டும் 5,000 டாலர். அதை முன்பணமாகக் கட்டித்தான் சொந்த வீடு. 1960களில் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் அதே வீட்டின் மேல் கடன் வாங்கிவைக்க, வீடு பேங்குக்குப் போகிற நிலைமை. இந்த முறை காப்பாற்றியது டாக்டர் பெப்பர் குளிர்பானப் போட்டி. ஃபோர்டு மஸ்டாங் கார், ஸ்விட்சர்லாந்து பயணம் என்று பெரிய பரிசு.

ஈவ்லினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒஹாயோவில் இருந்த 'அஃபடெய்சீஸ்' என்ற பெண்கள் குழுவைப் பார்க்க மகள் ஓட்டிப் போவார். அஃபிடவிட்டையும் டெய்சிப் பூவையும் கலந்த பெயர். பரிசு கிடைத்தால் கம்பெனி முதலில் அனுப்புவது அஃபிடவிட்தான். இன்றைய மாநாட்டுக்காரர்களும் அதைச் செல்லமாக 'அஃபி' என்கிறார்கள். ஈவ்லின் 1998ல் இறந்தார். 2001ல் மகள் டெர்ரி ரயான் அம்மாவின் கதையைப் புத்தகமாக எழுதினார். 2005ல் ஜூலியன் மூர் நடித்துப் படமாகவும் வந்தது.

இருபத்தைந்து வார்த்தை ஏன் செத்துப்போனது? படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும், சம்பளம் தரவேண்டும். குலுக்கலுக்கு ஒரு டிரம் போதும். 1954ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்பதெல்லாம் கன்சிடரேஷன் ஆகாது என்றது. வெறும் குலுக்கலுக்குத் தைரியம் வந்தது. 'வாங்க வேண்டிய அவசியம் இல்லை' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. உறைக்குப் பதிலாக மூன்றுக்கு ஐந்து அங்குலத் தாளில் பெயரைக் கையால் எழுதி அனுப்பலாம். வார்த்தை தேடிய கை, இப்போது ஒரே விலாசத்தை நூறு தடவை எழுதியது. தாளை விசிறி மாதிரி மடித்து அனுப்பினால் எடுப்பவர் கையில் சிக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. திறமை போய்ச் சேர்ந்த இடம் அது!

மாநாட்டுக்குப் போகிறவர்கள் விதிமுறையைப் பொடி எழுத்துவரை படிப்பவர்கள். படிக்காதவர்கள் பாடுதான் பரிதாபம். 1990களின் பிற்பகுதியில், அமெரிக்கன் ஃபேமிலி பப்ளிஷர்ஸ் அனுப்பிய 'நீங்கள்தான் வெற்றியாளர்' பாணிக் கடிதத்தை நம்பி, பரிசை நேரில் வாங்க ஃப்ளோரிடாவின் டாம்பா நகருக்கு விமானம் ஏறி வந்தார்கள் சிலர். பெரும்பாலும் முதியவர்கள். அங்கே பரிசும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்திரிகைச் சந்தா கட்டினால் பரிசு நெருங்கி வரும் என்று எண்ணிச் சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு. 1999ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: வாங்குவதால் வெற்றி வாய்ப்பு கூடாது என்று கடிதத்தில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு அந்தக் கம்பெனி திவாலானது.

அதன் போட்டியாளர் பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் தாக்குப்பிடித்தது. பெரிய சைஸ் செக்கோடு வாசலில் வந்து நிற்பார்களே, அவர்கள்தான். 'வாழ்நாள் முழுக்க வாரம் 5,000 டாலர்' என்றெல்லாம் பரிசு. 2025 ஏப்ரலில் அதுவும் திவால் மனு போட்டது. வேறொரு கம்பெனி வாங்கியது. 2025 ஜூலை 15க்கு முந்தைய பரிசுகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. வாழ்நாள் பரிசை நம்பி வேலையை விட்டவர்களுக்குப் பணம் நின்றுபோனது. சட்டப்படி அவர்களும் கம்பெனியிடம் பாக்கி வரவேண்டியவர்கள்தான். அந்த வரிசையில் பிரிண்டிங் பிரஸ்காரரும் விளம்பர ஏஜென்சியும்கூட நிற்கிறார்கள்.