ஹெரால்டு காரின் பின் வில்

காரின் பின்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் இப்போது சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறோம். 1960களில் கார் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, ஸ்பானர் செட், எடுத்துக் கொடுக்க ஒரு பையன். வாசலிலேயே வேலை நடக்கும். எங்கள் தெருவில் அப்படி ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன்களில் நானும் ஒருவன்.

அன்று நமக்குக் கிடைத்த கார்கள் பெரும்பாலும் மூன்றே. கல்கத்தா அருகே உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் மதராஸை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இதில் ஹெரால்டு நம் ஊர்ப் பிள்ளை. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961 முதல் இங்கே தயாரானது. உருவத்தை வரைந்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. பார்வைக்கு அழகு, சந்து பொந்தில் திருப்ப எளிது. ஆனாலும் அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது, ஹெரால்டு 1971-லேயே நின்றுபோனது. காரணங்கள் பல உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று, பின் சக்கரங்களுக்கு நடுவே இருந்தது.

அம்பாசடரின் பின்புறம் வில் வண்டியின் வழி வந்தது. குறுக்கே ஒரே கனத்த அச்சு, பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் இரண்டு பட்டை ஸ்பிரிங். பட்டைகள் தளர்ந்தால் வண்டி பின்னால் தாழும், அவ்வளவுதான். அச்சு ஒரே துண்டு என்பதால் சக்கரம் நேராகவே நிற்கும். யூ போல்ட்டைக் கழற்றி, ஷேக்கிளை விடுவித்தால் பட்டைக் கட்டு கையோடு வந்துவிடும். தேய்ந்த ரப்பர் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றலாம். ஒடிந்த பட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் வேறு பட்டை போட்டு, வளைவு அடித்துத் தருவார்கள். ஜட்காவுக்கும் வில் வண்டிக்கும் வில் அடித்த கைகளுக்கு இது புது வேலை அல்ல. டாக்ஸிக்காரர்கள் கூடுதலாக ஒரு பட்டையே சேர்த்துப் போட்டு ஓட்டினார்கள். ஃபியட்டின் பின்புறமும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஹெரால்டில் கதையே வேறு. முழு அச்சு கிடையாது. நடுவில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பிணைந்திருக்கும், இரு பக்கமும் அரை அச்சுகள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். டிஃபரன்ஷியலின் தலையில் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், அதன் இரு நுனிகளும் சக்கரங்களைப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது தன் பாட்டுக்குப் போகும். அந்த விலைக் காருக்கு இது பெரிய வசதி.

சிக்கலும் அங்கேதான். இந்த வில் பாரம் மட்டும் தாங்கவில்லை. சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. பட்டை தளர்ந்தால் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, அடிப்பகுதி வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு தேயும். பட்டறைக்காரர் கண்மதிப்பில் வளைவைக் கூட்டி அடித்துவிட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சாயும். வேகமாக வளைவில் திரும்பும்போது பின்புறம் தூக்கிக்கொள்ளும், அது ஆபத்து. அம்பாசடரில் அரை அங்குலப் பிசகு ஒரு பொருட்டல்ல, ஹெரால்டில் பொருட்டு.

கழற்றுவதும் சுலபமில்லை. பின் சீட்டை எடுத்து, கீழே உள்ள மூடியைத் திறந்தால்தான் வில்லைப் பிடித்திருக்கும் நட்டுகள் தெரியும். பிறகு காருக்கு அடியில் போய் ஷாக் அப்சார்பரை விடுவித்து, வில் நுனியின் போல்ட்டை எடுக்க வேண்டும். வில்லில் இறுக்கம் இருக்கும்போது போல்ட்டை உருவினால் கை போய்விடும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர்கள் சக்கரத் தாங்கிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சமாளித்தார்கள். புஷ்களும் பல இடத்தில் இருந்தன: வில் நுனியில், சக்கரத் தாங்கியின் அடியில், முன்னோக்கிப் போகும் இழுகம்பியின் இரு முனையிலும். ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் அடுத்ததிலிருந்து வரும்.

இத்தனையும் பொறுமையாகச் செய்துகொண்டவர்கள் ஹெரால்டைக் கொண்டாடினார்கள். ஆனால் வாங்கியவர்களில் பலரும் மெக்கானிக்குகளும் அந்தப் பின்புறத்தை விரும்பவில்லை. 1972-ல் அதே 948 சிசி எஞ்சினோடு கெஸல் என்ற பெயரில் வந்த அடுத்த காரில் ஆடும் அச்சை எடுத்துவிட்டு, முழு அச்சையே வைத்தார்கள். உலகம் தனித்தனிச் சக்கர ஏற்பாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வண்டலூர் மீண்டும் வில் வண்டியின் பக்கம் திரும்பியது.

இதைப் பிற்போக்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திண்டிவனம் தாண்டி இரவில் வண்டி நின்றால், பக்கத்து ஊர் உலைக்களத்தில் சரிசெய்ய முடியுமா என்பதுதான் அன்று கார் வாங்குபவர் கேட்ட கேள்வி. கோவென்ட்ரியில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கெஸலை வடிவமைத்தவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.