இராயபுரத்து வின்சுலோவும் தமிழ் அகராதியும்

சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள இராயபுரத்தை எண்ணும்பொழுது, 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட நிலையமே நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1836-இல், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அருட்திரு மைரன் வின்சுலோ யாழ்ப்பாணத்தினின்று சென்னைக்கு வந்து இவ்வூரில் பணித்தளம் அமைத்தார் என்பதை நம்மில் சிலரே அறிவர். அவருடைய ஆராய்ச்சியால் உயர்கல்வி பெற்ற பயனை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

1789-இல் அமெரிக்காவில் பிறந்த வின்சுலோ, 1819-இல் இலங்கைக்குப் புறப்பட்டு உடுவிலில் பணியாற்றினார். அக்காலத்தில், 1823-இல், அமெரிக்க மிஷனெரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியன கற்பிக்கப்பட்டன. அகராதிக்கென முதலிற் சொற்களைத் திரட்டியவர் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜோசப் நைட் ஐயர். அவர் 1840-இல் மறைந்தார். சந்திரசேகர பண்டிதர் முதலிய புலவர்களின் உழைப்பால் 1842-இல் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. தமிழ்-ஆங்கில அகராதியைத் தொடரும் பொறுப்பு வின்சுலோவைச் சேர்ந்தது. சென்னையில் இராமாநுச கவிராயர் போன்ற பெரும் புலவர்கள் அவருக்குத் துணைநின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பின்னர், 1862-இல், அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுடன் அந்நூல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சேறிற்று. இலக்கியச் சொற்களோடு வழக்குச் சொற்களும் அதில் இடம்பெற்றன.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒன்றை நாம் கருதவேண்டும். 1855-இல் ரூபஸ் ஆண்டர்சனின் தலைமையில் வந்த தூதுக்குழுவின் வருகையை ஒட்டி வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரை அரசாங்க வேலைக்கே ஆயத்தப்படுத்துகிறது, கிராமச் சபைகளுக்குத் தாய்மொழியிற் பயின்ற ஊழியரே தேவை என்பது அன்னாரின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியின் மாணாக்கரே. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவ நெறியைத் தழுவினார். வீரசோழியம், கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். சபையின் கணக்கேட்டில் இது இழப்பாகத் தோன்றலாம். தமிழுலகிற்கோ பெரும் ஆதாயம்.

வின்சுலோ 1864-இல் தாயகம் திரும்பும் வழியில் கேப்டவுனில் மரித்தார். சில ஆண்டுகளில் அமெரிக்கரின் சென்னை மிஷனும் முடிவுற்றது. ஆனால் அகராதி முடிவுறவில்லை. அதனைத் திருத்தி விரிவாக்கவேண்டும் என்ற எண்ணமே வளர்ந்து, 1913-இல் தமிழ்ப் பேரகராதிப் பணியாக உருக்கொண்டது. அதன் முதற் பதிப்பாசிரியர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாந்லர் ஐயர். 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளை அப்பணியை ஏற்று நடத்தினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும், இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுடன் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. இன்றும் தமிழாராய்ச்சி செய்யும் மாணவர் அதனைப் புரட்டாமல் இருப்பது அரிது.

ஓர் ஆய்வின் பயனை மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் காலம் இது. நைட் தன் பயனைக் காணவில்லை. வின்சுலோ இரண்டே ஆண்டுகள் கண்டார். செமினரியை மூடியவர்கள் அடுத்த மூன்றாண்டுகளில் விளையப்போவதை அறியவில்லை. ஆதலின் நம் இறையியற் கல்லூரிகளில் ஒரு துறையை, ஒரு நூலகத்தை, ஒரு மொழிபெயர்ப்புப் பணியைப் 'பயனற்றது' என நிறுத்துமுன் நாம் சற்றுத் தயங்குதல் நலம்.

மற்றொன்றும் உண்டு. அந்த அகராதி வின்சுலோவின் பெயராலேயே வழங்குகிறது. உடனுழைத்த தமிழ்ப் புலவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நம் ஆய்வேடுகளில் உதவியோரின் பெயர்களை மறவாமற் பொறிப்போம். ஒருவன் விதைக்கிறான், வேறொருவன் அறுக்கிறான் என்ற ஆண்டவரின் வாக்கு கல்விப்பணிக்கும் பொருந்துவதே.